ஹார்ட்டில்பூல் ட்ரிங்கோமலி: சண்டையே போடாத கப்பலில் ஒரு சண்டையைப் பார்ப்பது எப்படி

1813 ஜூன் 1 மாலை, பாஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே பிரிட்டனின் ஷானன், அமெரிக்காவின் செசபீக் என்ற இரு போர்க்கப்பல்கள் மோதின. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாய்மரக் காலத்து ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகளில் அதிகம் அலசப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். படிக்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் முட்டி நிற்பார்கள். "14-ஆவது பீரங்கி", "எதிரியின் முன்னிருந்து இரண்டாவது துளை" (பீரங்கி வெளியே நீட்டும் சுவர்த் திறப்பு), "மேல்தளத்துச் சுக்கான் சக்கரம்" என்றெல்லாம் வருகிறதே, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், யார் யாரைப் பார்த்திருக்க முடியும் என்பது தாளில் பிடிபடாது. ஷானனை 1859-இல் உடைத்துவிட்டார்கள். செசபீக்கை அதற்கு முன்பே, 1820-இல் பிரித்துவிட்டார்கள்.

ஆனால் ஷானனின் உடன்பிறப்பு ஒன்று இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூலில், ராயல் நேவி தேசிய அருங்காட்சியகத்தின் கிளையில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. பெயர் நம் திருகோணமலைதான். 1782-இல் அங்கே பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்தது. ஷானனும் இதுவும் லீடா வகுப்பு ஃப்ரிகேட்டுகள், அதாவது முக்கியப் பீரங்கிகள் ஒரே தளத்தில் நிற்கும் வேகமான போர்க்கப்பல்கள். இரண்டுக்கும் மூலம், 1782-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிபட்ட ஹீபி என்ற கப்பலின் வரைபடம். பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி, அகலம் 40 அடி, பக்கத்துக்கு 14 என்று 28 பதினெட்டு பவுண்ட் பீரங்கி (18 பவுண்ட் எடையுள்ள குண்டை வீசுவது) என்பதுதான் அமைப்பு. ஆக, ட்ரிங்கோமலியின் தளத்தில் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய ஷானனில் வைக்கும் அடிதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷானன் சண்டையைப் புரிந்துகொள்ள உலகில் இதைவிடப் பொருத்தமான கப்பல் இல்லை. ஆனால் கப்பல் தானாக வாய் திறந்து அந்தச் சண்டையைச் சொல்லாது, ஏனென்றால் அது இதன் கதை இல்லை. எங்கே நிற்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகாதவர்களுக்கு அழகான பழைய கப்பல் ஒன்றைப் பார்த்த திருப்தியோடு சரி.

கப்பலின் பூர்வீகம் கொஞ்சம். பம்பாய் வாடியா கட்டுந்துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டியது. 1817 அக்டோபர் 12-இல் நீரில் இறங்கியது. முழுக்க மலபார் தேக்கு. பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. ஓக்கில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் அதைக் காப்பாற்றும். இரண்டு நூற்றாண்டு கழித்தும் இது மிதப்பதற்கு இதுவே பெரிய காரணம். இன்னொரு சுவையான செய்தி: பம்பாய்க்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஹெச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில் போயின. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் ஜாவாவை அடித்து நொறுக்கியது. வரைபடமும் போயிற்று, இரண்டாவது பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. அதாவது, இந்தக் கப்பல் பிறப்பதற்கு முன்பே ஒரு பாய்மரச் சண்டை இதன் தலையெழுத்தில் குறுக்கிட்டுவிட்டது.

கட்டி முடித்தபோது நெப்போலியன் போர் முடிந்திருந்தது. 1819-இல் பிரிட்டனுக்கு வந்ததும் பல ஆண்டுகள் ஓரமாகக் கட்டிப்போட்டார்கள். 1840-களில் பீரங்கிகளைக் குறைத்து, பின்புறத்தை வளைவாக மாற்றிக் கட்டிப் பணிக்கு அனுப்பினார்கள். எதிரிக் கப்பல் ஒன்றோடும் மோதியதில்லை. பின்னாளில் ஃபுட்ராயன்ட் என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாக நெடுங்காலம் ஓடிவிட்டு, 1987-இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தது. அங்கே பத்தாண்டுக்கும் மேல் நடந்த சீரமைப்பு இதன் பெரிய பலம். மரப்பலகை மாற்றிய இடத்திலும் பழைய முறையிலேயே மாற்றியிருக்கிறார்கள். சண்டை போடாததால் குண்டு துளைத்த ஒட்டு எதுவும் இல்லை, மூல அமைப்பு குலையவில்லை. நம் வேலைக்கு அது நல்லதே.

இனி நடையைத் தொடங்கலாம். கரையில் 18-ஆம் நூற்றாண்டுத் துறைமுகத் தெருவைப் போல அமைத்திருக்கும் கடைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கப்பலுக்குப் போய், ஒரு தளம் கீழே இறங்கிப் பீரங்கித் தளத்தின் பின்கோடிக்குச் செல்லுங்கள். ஏணிகள் செங்குத்து, இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்னோக்கி இறங்குவதே பாதுகாப்பு. பீரங்கித் தளத்தில் ஓரளவு நிமிர்ந்து நடக்கலாம். அதற்கும் கீழே உள்ள மாலுமிகளின் தளத்தில் உயரமானவர்கள் உத்தரத்துக்கு உத்தரம் குனிய வேண்டும்.

பின்கோடியில் இருப்பது கேப்டனின் அறை. முகப்பை நோக்கித் திரும்பி நின்றால் வலப்பக்கத்தின் கடைசித் துளை, அதாவது முன்னிருந்து எண்ணினால் 14-ஆவது, இந்தப் பகுதியில்தான் வரும். ஃப்ரிகேட்டில் கேப்டனும் பீரங்கியோடுதான் குடித்தனம். சண்டைக்கு முன் மரத்தடுப்புகளைக் கழற்றி, மேசை நாற்காலியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, முன்கோடி முதல் பின்கோடி வரை ஒரே வெளியாக்கிவிடுவார்கள். ஷானனில் வில்லியம் மிண்டம் என்ற பீரங்கித் தலைவன் நின்றது இந்தக் கடைசித் துளையில்தான். மாலை ஆறு மணிக்குச் சற்று முன் முதல் குண்டு அவனிடமிருந்துதான் போனது.

ஏன் கடைசிப் பீரங்கி முதலில் சுட்டது? இங்கே நின்றால்தான் இது விளங்கும். ஷானன் பாய்களைக் குறைத்து, மெல்ல ஊர்ந்து காத்திருந்தது. செசபீக் காற்று வரும் பக்கத்தில், ஷானனின் பின்னாலிருந்து வலப்பக்கமாக வேகமாக வந்தது. ஆகவே எதிரியின் முகப்பு முதலில் தெரிவது பின்கோடித் துளைக்குத்தான். ஷானனின் கேப்டன் ஃபிலிப் ப்ரோக் கொடுத்த கட்டளை எளிது: எதிரியின் முன்னிருந்து இரண்டாவது துளை உங்கள் குறிக்கு நேரே வரும்போது சுடுங்கள். துளைக்கு வெளியே பாருங்கள். தெரிவது ஒரு சின்னச் சதுரம். அதற்குள் எதிரி நுழைந்து நகரும்போது, 14, 13, 12 என்று ஒவ்வொரு பீரங்கிக்கும் முறை வருகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வெடிக்கும் சரமாரி என்று நினைத்திருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து தூரம். இரு கப்பல்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கெஜம், அதாவது 36 மீட்டர்தான். பின்கோடியிலிருந்து முன்கோடி வரை தளத்தை நோக்குங்கள்: அது 150 அடி, 45 மீட்டருக்கு மேல். எதிரி நின்றது கப்பலின் நீளத்தைவிடக் கிட்டே. இந்தத் தூரத்தில் குறி தவறுமா என்று தோன்றும். தவறியது, அடிக்கடி தவறியது. அதற்கான காரணத்தையும் இதே தளத்தில் பார்க்கலாம்.

தளம் மட்டமாக இல்லை. இரண்டு கோடியும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த வளைவு இருக்கிறது. பலகைகளின் ஓட்டத்தைக் கண்ணால் தொடர்ந்தால் தெரியும். ஒரே அளவு சக்கரம் பூட்டிய பீரங்கிகளை இதன் மேல் வரிசையாக நிறுத்தினால், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு கோணத்தில் சாய்ந்து நிற்கும். கப்பல் காற்றுக்குச் சாயும் சாய்வு அதற்கு மேல். புகை எழுந்துவிட்டால் பீரங்கித் தலைவனுக்கு எதிரியே தெரியாது. இந்த மூன்றையும் பொருட்படுத்தாத கேப்டன்களே அப்போது அதிகம். வேகமாகச் சுட்டால் போதும் என்பது பொதுவான எண்ணம்.

ப்ரோக் 1806 முதல் ஷானனில் இருந்தவர். இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மருந்து கண்டார். பீரங்கி வண்டிகளின் சக்கரங்களைச் செதுக்கி, ஒவ்வொன்றும் மட்டமாக நிற்கும்படி சரிசெய்தார். பீரங்கியின் வாய்ப்பக்கம் மெலிந்தும் பின்பக்கம் பருத்தும் இருப்பதால், மேல்விளிம்பை ஒட்டிக் கண் வைத்தால் குண்டு உயரமாகப் போகும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் குறிமுனையைப் பொருத்தினார். ஏற்ற இறக்கத்துக்கு மரத்தாலான கோணமானி. திசைக்கு, ஒவ்வொரு பீரங்கிக்கும் பின்னால் தளத்துப் பலகையிலேயே பாகைக் கோடுகளை வெட்டிவைத்தார். புகையில் எதிரி மறைந்தாலும் மேலிருந்து ஒருவர் கோணத்தைக் கூவினால் போதும். எல்லாப் பீரங்கியும் ஒரே புள்ளியில் குவியும். பயிற்சிக்குக் கடற்படை கொடுத்த வெடிமருந்து போதாமல் தன் கைக்காசைப் போட்டு வாங்கினார். கடலில் பீப்பாயை மிதக்கவிட்டுக் குறி பார்க்கச் சொன்னார்.

ட்ரிங்கோமலியின் தளத்தில் அந்தக் கோடுகளைத் தேடாதீர்கள். அது ப்ரோக்கின் சொந்த ஏற்பாடு. பீரங்கிக்குப் பின்னால் குனிந்து, அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கும் என்று பாருங்கள். தளத்தின் குறுக்கே எவ்வளவு குறைந்த இடத்தில் பீரங்கி பின்னோக்கிப் பாய வேண்டியிருந்தது என்பதும் அப்போது புலப்படும். பதினெட்டு பவுண்ட் பீரங்கியின் எடை ஏறக்குறைய இரண்டு டன். சுட்டதும் அது பின்னால் பாயும். அதன் பின்பக்கத்தைச் சுற்றி வந்து கப்பலின் சுவரில் இரு பக்கமும் கட்டிய தடித்த வடம்தான் அதை நிறுத்தும். அந்த வடத்தையும் அது மாட்டியிருக்கும் இரும்பு வளையத்தையும் தவறாமல் பாருங்கள். தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் பீரங்கி துள்ள ஆரம்பிக்கும். வடமோ வளையமோ விட்டுப்போனால் உருளும் இரண்டு டன் இரும்பு எதிரியைவிட ஆபத்து.

சுடும் வரிசை இது. ஈரப் பஞ்சுக் கோலால் குழலைத் துடைக்க வேண்டும். முந்தைய பையின் கனல் துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் அடுத்த பை இடிப்பவன் கையிலேயே வெடிக்கும். பிறகு மருந்துப் பை. குண்டு எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று ஆறு பவுண்ட். அடுத்து குண்டு, அதன் மேல் அடைப்பு. கப்பல் சாயும்போது குண்டு உருண்டு வெளியே போகாமலிருக்க அடைப்பு வேண்டும். இடித்துச் செருகியதும், பற்றுத்துளை வழியே கம்பி விட்டுப் பையைக் குத்திக் கிழித்து, நுண்மருந்து இட வேண்டும். கப்பி இழுத்துப் பீரங்கியைத் துளைக்கு வெளியே தள்ளி, நெம்புகோலால் திசை திருப்பி, ஆப்பு நகர்த்தி உயரம் பார்த்து, விலகி நின்று கயிற்றை இழுக்க வேண்டும். தேர்ந்த குழுவுக்கு இதெல்லாம் ஒன்றரை நிமிட வேலை. பீரங்கிக்குப் பீரங்கி இடையில் அவ்வளவு பேர் எப்படி நின்றார்கள் என்று அங்கே நின்று பார்த்தால் மலைப்புதான் வரும்.

இங்கிருந்து மேலே ஏறுங்கள். சண்டை தீர்ந்தது மேலேதான்.

பின்மேல்தளத்தில் சுக்கான் சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பாருங்கள்: மறைவு என்று எதுவும் இல்லை. இந்தத் தளத்தில் 32 பவுண்ட் காரனேடுகள் நின்றன. நீளம் குறைவு, எடையும் குறைவு, கிட்டத்தில் மட்டும் பேயாட்டம் ஆடும் குட்டைப் பீரங்கிகள். அவற்றோடு ப்ரோக் ஒரு 9 பவுண்ட் பீரங்கியையும் நிறுத்தியிருந்தார். எதிரியின் சுக்கானைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அது செசபீக்கின் சுக்கான் பிடித்தவர்களைக் கொன்றது, பிறகு சக்கரத்தையே பெயர்த்தது.

அதே நேரத்தில் செசபீக்கின் முன் பாய்மரத்தில் மேல்பாயைத் தூக்கி நிறுத்தும் கயிறு அறுந்தது. புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடம்தான் முழுச் சண்டையின் திருப்பம். ட்ரிங்கோமலியில் மூன்று பாய்மரங்களும் கயிறுகளும் முழுமையாக நிற்பதால் இதைக் கண்ணால் சரிபார்க்கலாம். முன் பாய்மரத்தின் மேல்பகுதியில் குறுக்கு மரத்தைப் பாருங்கள். அதைத் தூக்கும் கயிறு கப்பி வழியாகத் தளத்தின் பக்கவாட்டுக்கு இறங்கி வருவதைப் பின்தொடருங்கள். முன்பக்கப் பாய்கள் கப்பலின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும், பின்பக்கப் பாய்கள் காற்றுக்குள் திருப்பும். கப்பல் நேராகப் போவது இந்த இழுபறியின் சமநிலையில். முன்பாய் போனதும் பின்பாய்க்கு எதிர்ப்பு இல்லை. சுக்கானும் இல்லை. செசபீக் மூக்கைக் காற்றுக்குள் நுழைத்து, நின்று, பின்னோக்கி நகர ஆரம்பித்தது. அதன் பின்புறம் ஷானனுக்குத் திரும்பியது. இனி ஷானனின் குண்டுகள் பின்னிருந்து முன்னாக, தளத்தின் நீளவாக்கில் பாயும். செசபீக்கால் திருப்பிச் சுட முடிந்தது மிகச் சில பீரங்கிகளால்.

செசபீக்கின் இடப்பக்கப் பின்மூலை ஷானனின் நடுப்பகுதியில் வந்து முட்டியது. கப்பலின் நடுவே, வலப்பக்க விளிம்பில் நில்லுங்கள். இங்கே கயிறு போட்டு இரண்டையும் கட்டினார்கள். ப்ரோக் இங்கிருந்து எதிரியின் காரனேடு வாயில் கால் வைத்துத் தாண்டினார். வெளியே தண்ணீரைப் பார்த்துவிட்டு, விளிம்பின் உயரத்தையும் பாருங்கள். ஓவியங்களில் வருவதுபோல் கும்பலாகத் தாவ இடமில்லை. ஓரிருவராகத்தான் கடந்திருக்க முடியும். மறுபக்கம் தடுத்து நிற்க அதிகாரிகள் மிஞ்சியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். செசபீக்கின் கேப்டன் ஜேம்ஸ் லாரன்ஸ் ஏற்கெனவே குண்டடிபட்டுக் கீழே இறக்கப்பட்டிருந்தார். "கப்பலைக் கைவிடாதீர்கள்" என்று அவர் சொன்னது அமெரிக்கக் கடற்படையின் முழக்கமாகிவிட்டது. கப்பல் கைவிட்டுப் போனது சில நிமிடங்களில். அவர் ஜூன் 4-இல் இறந்தார். எதிரித் தளத்தில் தலையில் வாள்வெட்டு வாங்கிய ப்ரோக் 1841 வரை வாழ்ந்தார். கொடுமையான ஒரு துணுக்கும் உண்டு: பிடித்த கப்பலில் கொடியேற்றப் போன ஷானன் லெப்டினன்ட் ஜார்ஜ் வாட், கொடிகள் முறைமாறி ஏறியதால், தன் கப்பலின் குண்டுக்கே பலியானார்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமபலம். கீழ்ப் பீரங்கிகள் 28-க்கு 28. ஆட்கள் ஷானனில் சுமார் 330, செசபீக்கில் அதைவிடச் சற்று அதிகம். விழுந்த குண்டுகள்தான் சமமில்லை: பெரிதும் சிறிதுமாகச் செசபீக்கில் 362, ஷானனில் 158 என்று கணக்கிட்டார்கள். இரு தரப்பிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். லாரன்ஸ் அந்தக் கப்பலுக்கு வந்ததே மே மாதம்தான். இதை வீரத்தின் கதையாகச் சொல்பவர்கள் ஏழாண்டுப் பயிற்சியை மறைத்துவிடுகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இவை அருங்காட்சியகத்தின் குறைகள் என்பதைவிட, நிற்கும் கப்பலின் எல்லைகள். தளம் ஆடாது. ஆடும் தளத்தில் குறி பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கே உறைக்காது. புகையும் இருட்டும் சத்தமும் இல்லை. பாய்கள் விரிந்திருக்காது என்பதால் காற்றின் பங்கை மனக்கணக்கில்தான் போட வேண்டும். முக்கியமானது, பின்புற வளைவு 1840-களின் மாற்றம். ஷானனின் பின்புறம் தட்டையாக, கண்ணாடிச் சாளரங்களோடு இருந்தது. நீளவாக்கில் பாயும் குண்டுக்கு அந்தச் சாளரங்கள் தடையே இல்லை. இந்த வளைவைப் பார்த்துவிட்டு, பின்புறம் அவ்வளவு பலவீனமில்லையே என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

ஒப்பிட வேறு கப்பல்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். யூனிகார்ன் இதே லீடா வகுப்பின் திருத்திய வடிவம், 1824-இல் நீரில் இறங்கியது. அதற்குப் பாய்மரமே நட்டதில்லை, மேலே கூரை போட்டு மூடிவிட்டார்கள். மரவேலையும் உட்கட்டுமானமும் பார்க்க அது மேல்; சண்டையைப் பார்க்க உதவாது, முன்பாய்க் கயிறு இல்லாமல் செசபீக்கின் விதியை எப்படி விளக்குவது? பாஸ்டனில் நிற்கும் கான்ஸ்டிடியூஷன் வேறு ரகம். பீரங்கித் தளம் 24 பவுண்ட், நீளம் 175 அடி, சுவர் கனமான ஓக். ஜாவாவையும், அதற்கு முன் 1812 ஆகஸ்ட் 19-இல் பிரிட்டனின் இன்னொரு ஃப்ரிகேட்டான கெரியரையும் அது ஏன் வென்றது என்று கேட்பவர்கள் ட்ரிங்கோமலியையும் அதையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். 18-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் குண்டில் மட்டுமல்ல. அதைத் தாங்க வேண்டிய மரத்தின் பருமனிலும் தளத்தின் அகலத்திலும் தெரியும். அந்தச் சண்டைகளில் பயிற்சியைவிடப் பளுவே பெரிதாகப் பேசியது. ஷானன் சண்டையைத் தனியாக எடுத்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்: அங்கே பளு சமம்.

ட்ரிங்கோமலிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பீரங்கித் தளம், பின்மேல்தளம், நடு விளிம்பு, அதன் பின் கீழ்த்தளங்கள் என்ற வரிசை சரிவரும். குழந்தைகளோடு போகிறவர்கள் கரையிலுள்ள தெருவை முதலில் வைத்துக்கொண்டால் கப்பலில் அமைதியாக எண்ண நேரம் கிடைக்கும். காற்றடிக்கும் நாளில் மேல்தளத்தில் தொப்பி நிற்காது. ஆனால் கயிறுகள் இழுபடுவதையும் மரம் முனகுவதையும் கேட்க அந்த நாளே தோது. செசபீக்கையும் தொட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் பிரித்த மரங்களைக் கொண்டு 1820-இல் ஹாம்ப்ஷயரின் விக்கம் கிராமத்தில் ஒரு மாவு ஆலை கட்டினார்கள். செசபீக் மில் என்ற பெயரில் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஹார்ட்டில்பூல் வடக்குக் கோடி, விக்கம் தெற்குக் கரைக்குப் பக்கம். ஒரே நாளில் இரண்டையும் திட்டமிட வேண்டாம்.